இங்கு ரேங்க் ஜோசியம் பார்க்கப்பட மாட்டாது

மே மாதம் வந்தால் ஊரில் கத்திரி வெயில் வரும், மாம்பழம் வரும், கோயில் கொடை வரும். புனேவில் உட்கார்ந்து பொட்டி தட்டிக்கொண்டிருக்கும் எனக்கு போன் வரும்.

"மாப்ள, பயலுக்கு ரிசல்ட் வந்துட்டு. கட்-ஆஃப் இவ்ளோ. ரேங்க் எவ்ளோ வரும்?"

பெரியப்பா பேரன், ஒன்றுவிட்ட அக்கா மகள், பக்கத்து வீட்டு டீச்சரின் தங்கை பையன் என்று வருடத்துக்கு ஏழெட்டு பேராவது கேட்பார்கள். ஏன் என்னிடம்? நான் இன்ஜினியராம். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறேனாம். எக்செல் தெரியுமாம். ஊரில் ஒருவன் இன்ஜினியரிங் படித்து ரயிலேறி விட்டால், அவனுக்கு உலகத்தில் எல்லா அட்மிஷனும் அத்துப்படி என்று நம் மக்களுக்கு ஒரு நம்பிக்கை. நாமும் லேசுப்பட்டவர்களா? "இருங்க, பாத்துச் சொல்லுதேன்" என்று கெத்தாகச் சொல்லி விட்டு, ஆபீஸில் ஆணி பிடுங்குவதை ஓரமாக வைத்து விட்டு, கணக்குப் போட ஆரம்பித்து விடுவோம்.

பல வருடம் இந்த ஜோசியத்தைப் பார்த்தேன். இனி பார்க்க மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமாக இருக்கும். திட்டு முக்கால்வாசி எனக்கு. மீதி கால்வாசி உங்களுக்கு.

கொசுவத்தி சுத்திக்கோங்க. 2025 மே 8. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த நாள். சங்கரன்கோவிலில் இருந்து அத்தான் போன். அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறார். மூத்த பையன் கணக்கில் 94, பிசிக்ஸில் 88, கெமிஸ்ட்ரியில் 91. அவர்கள் வீட்டில் முதல் முறையாக ஒரு பையன் இன்ஜினியரிங் பக்கம் போகப் போகிறான்.

கட்-ஆஃப் கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கணக்கு நூற்றுக்கு அப்படியே. பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் பாதியாக்கிச் சேர்க்க வேண்டும். 94 + 44 + 45.5. ஆக 183.5. இதுவரைக்கும் சுத்தமான கணக்கு. யார் போட்டாலும் இதே விடைதான் வரும்.

அடுத்து நான் செய்ததுதான் ஜோசியம். 2024-ஆம் வருடத்து ரேங்க் விவரங்களை எடுத்தேன். 183.5-க்கு அந்த வருடம் எந்த ரேங்க் என்று பார்த்தேன். "இந்த வருஷம் கொஞ்சம் கூட்டம் ஜாஸ்தி" என்று ஒரு ஆயிரத்தைச் சேர்த்தேன். ஒரு நம்பர் வந்தது. "கிட்டத்தட்ட" என்று கூடச் சொல்லவில்லை. பத்தாம் இடம் வரைக்கும் துல்லியமாக ஒரு ஐந்து இலக்க நம்பரைச் சொன்னேன். அத்தான் அதைக் காலண்டரில் மே 8-ஆம் தேதித் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாராம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்ல" என்றாள் அக்கா.

ஜூன் 27-ஆம் தேதி நிஜமான ரேங்க் பட்டியல் வந்தது. நான் சொன்ன இடத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் பின்னால் இருந்தான் பையன்.

நிற்க. என்ன ஆச்சு என்று சொல்லும் முன்னால், ஏன் ஆச்சு என்று சொல்லி விடுகிறேன். அதுதான் முக்கியம்.

மார்க் என்பது உங்கள் பிள்ளைக்கும் கேள்வித்தாளுக்கும் நடந்த விவகாரம். ரேங்க் என்பது உங்கள் பிள்ளைக்கும் மற்ற இரண்டு லட்சம் பிள்ளைகளுக்கும் நடுவில் நடக்கும் விவகாரம். முதலாவதை வைத்து இரண்டாவதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த இரண்டு லட்சம் பேரின் மார்க்கும் கையில் இருக்க வேண்டும். மே மாதத்தில் அது யார் கையிலும் இருக்காது. போன வருடத்துப் பட்டியல்தான் இருக்கும். போன வருடத்துக் கூட்டம் வேறு, இந்த வருடத்துக் கூட்டம் வேறு.

எவ்வளவு வேறு என்று கேட்டால், மாநில வாரிய ப்ளஸ் டூ தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் கணக்கைப் பாருங்கள். கெமிஸ்ட்ரியில் 2023-ல் 3,909 பேர் நூறு எடுத்தார்கள். 2024-ல் வெறும் 471 பேர். 2025-ல் மறுபடி 3,181 பேர். கணக்கில் 2023-ல் 690 பேர், 2024-ல் 2,587 பேர், 2025-ல் 3,022 பேர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு 2024-ல் மட்டும் கெமிஸ்ட்ரி மறந்து போய், அடுத்த வருடம் ஞாபகம் வந்து விட்டதா? இல்லை. கேள்வித்தாள் ஒரு வருடம் இறுகும், ஒரு வருடம் இளகும். அதே உழைப்புக்கு வேறு மார்க். அதே மார்க்குக்கு வேறு இடம்.

இதன் விளைவு கலந்தாய்வில் அப்படியே தெரிந்தது. 2024-ல் பொதுப்பிரிவு முதல் சுற்றுக்கு 200-லிருந்து 179 வரை கட்-ஆஃப் உள்ளவர்களைக் கூப்பிட்டார்கள். 26 ஆயிரத்துச் சொச்சம் பேர். 2025-லும் முதல் சுற்று அதே 200-லிருந்து 179 வரைதான். ஆனால் இந்த முறை 39 ஆயிரத்துச் சொச்சம் பேர். கோடு ஒன்றுதான். அதற்கு முன்னால் நின்றவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடி விட்டார்கள். 200-க்கு 200 எடுத்தவர்களே 2024-ல் 65 பேர், 2025-ல் 144 பேர்.

நான் சேர்த்த "கொஞ்சம் கூட்டம் ஜாஸ்தி" ஆயிரம் எங்கே, நிஜத்தில் வந்த கூட்டம் எங்கே! இதை மே 8-ஆம் தேதி எந்த எக்செல்லும் எனக்குச் சொல்லியிருக்காது. ஆனால் "எனக்குத் தெரியாது அத்தான்" என்று சொல்லியிருக்கலாம். அந்த நாலு வார்த்தை வாயில் வரவில்லை. வெளியூர்க்காரனுக்கு ஊரில் இருக்கும் ஒரே மரியாதை "அவனுக்குத் தெரியும்" என்பதுதானே. அதை விட மனசு வருமா?

இன்னொன்று. 200-லிருந்து 179 வரை அரை அரை மார்க்காக இறங்கினால் மொத்தம் 43 படிகள்தான். 39 ஆயிரம் பேரை 43 படியில் நிற்க வைத்தால், சராசரியாக ஒரு படிக்கு 900 பேர். அரை மார்க் என்பது பிசிக்ஸில் ஒரே ஒரு மார்க். ஒரு ஒரு-மார்க் கேள்வியில் பையன் 'ஆ'வுக்குப் பதில் 'இ' என்று எழுதியதற்கு தொள்ளாயிரம் இடம். சரி, ஒரே படியில் நிற்கும் அந்த 900 பேரையும் எப்படி வரிசைப்படுத்துவார்கள்? முதலில் கணக்கு மார்க் பார்ப்பார்கள். அப்புறம் பிசிக்ஸ். அப்புறம் நாலாவது பாடம். இப்படியே போய் எல்லாம் சமமாக இருந்தால் பிறந்த தேதி, மூத்தவர் முன்னால். அதுவும் சமமென்றால் ஆளுக்கு ஒன்றாகக் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் நம்பர், பெரிய நம்பர்காரர் முன்னால். பிறந்த தேதியும் குலுக்கல் நம்பரும் பார்க்கிற இடத்தில் "என் மகனுக்கு கரெக்டா என்ன ரேங்க்?" என்று கேட்டால், கேள்வியே நேராக ஜோசியர் வீட்டு வாசலில் போய் நிற்கிறதா இல்லையா?

இதெல்லாம் ஒரே வாரியத்தில் படித்தவர்களுக்கு. நம்மைப் போல வெளியூரில் சி.பி.எஸ்.இ. படிக்கும் பிள்ளைகள் வைத்திருப்பவர்கள் கதை இன்னும் ஒரு சுற்று பெரியது. வெவ்வேறு வாரியத்து மார்க்கைச் சமப்படுத்தி விட்டுத்தான் ரேங்க் போடுவார்கள். தமிழ்நாட்டு முறை எளிமையானது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் உச்ச மார்க் 100, மற்ற வாரியத்தின் உச்ச மார்க் 90 என்றால், இரண்டையும் சமமாக வைத்து அந்த 90-ஐ 100 ஆக்குவார்கள். 60 எடுத்தவருக்கு 66.67 ஆகும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு வாரியத்திலும் யாராவது ஒருவர் நூறு எடுத்திருந்தால், பெருக்குவது ஒன்றால்தான். ஒரு புள்ளி கூட மாறாது. "நார்மலைசேஷன்ல பாப்பாவுக்கு நாலஞ்சு மார்க் கூடும்" என்று நம்பி உட்கார்ந்திருக்கும் சொந்தங்களே, எதற்கும் ஒரு முறை கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பக்கத்து மாநிலத்தில் இதை விடப் பெரிய கூத்து. கேரளாவில் இன்ஜினியரிங் ரேங்குக்கு நுழைவுத் தேர்வும் ப்ளஸ் டூ மார்க்கும் பாதிப் பாதி. ப்ளஸ் டூ பாதியில் கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மூன்றுக்கும் சம பங்கு என்று இருந்ததை 2025-ல் 5:3:2 என்று மாற்றி, சமப்படுத்தும் முறையையும் மாற்றி, ஜூலை தொடக்கத்தில் ரேங்க் பட்டியலையும் வெளியிட்டார்கள். வழக்குப் போனது. உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்ய, ஒரு சில நாளிலேயே பழைய முறையில் புதுப் பட்டியல் வந்தது. முதல் ரேங்க் வாங்கியவரே மாறிப் போனார்! எந்தப் பிள்ளையும் இடையில் ஒரு பரீட்சை கூட எழுதவில்லை. ஒருவர் மார்க்கும் கூடவில்லை, குறையவில்லை. ஃபார்முலா மாறியது, வரிசை மாறியது. அவ்வளவுதான் ரேங்கின் வண்டவாளம். அது உங்கள் பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிற ஒன்றல்ல. யாரோ ஒரு அறையில் உட்கார்ந்து முடிவு செய்த ஒரு கூட்டல் பெருக்கல்.

மத்திய அரசே இந்த விளையாட்டை விளையாடிப் பார்த்தது. ஜே.இ.இ. மெயினில் 2013-லிருந்து 2016 வரை, ரேங்குக்கு அறுபது பங்கு தேர்வு மார்க், நாற்பது பங்கு ப்ளஸ் டூ மார்க். ப்ளஸ் டூ மார்க்கை அப்படியே எடுக்க மாட்டார்கள். அந்தந்த வாரியத்தில் உங்கள் பர்சென்டைல் என்ன என்று பார்த்து, அதை ஜே.இ.இ. மார்க்காக உருமாற்றி, அப்புறம் சேர்ப்பார்கள். அந்த நாலு வருடமும் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அப்பாமார்கள் டிஷ்யூ பேப்பரில் இந்தக் கணக்கைப் போட்டுக் கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமும் அவர் வாரியத்தின் முழு மார்க் பட்டியல் கிடையாது. அது இல்லாமல் அந்தக் கணக்கின் முதல் வரியைக் கூடத் தாண்ட முடியாது. ஆனாலும் எல்லோருக்கும் ஒரு விடை வந்தது! 2017-ல் அந்த நாற்பது பங்கை எடுத்து விட்டார்கள். ப்ளஸ் டூ மார்க் தகுதிக்கு மட்டும், ரேங்குக்குக் கிடையாது என்றாகி விட்டது.

"இதுக்குத்தான் சொல்லுதோம், நுழைவுத் தேர்வே நல்லது. ஸ்டேட் போர்டுல மார்க்கைக் கொட்டிக் கொடுக்கான்" என்று இங்கே தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஒருவர் ஆரம்பிப்பார். பிள்ளை இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிக்கும். அண்ணாச்சி, ஒரு நிமிஷம். நான் நுழைவுத் தேர்வு எழுதியவன். அப்போது கட்-ஆஃப் 300-க்கு. ப்ளஸ் டூவுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100. அந்த நூறுக்காக ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு திருநெல்வேலியில் ரூம் எடுத்து கோச்சிங் போனேன். அப்பா கடன் வாங்கி அனுப்பினார். என்னை விட நன்றாகக் கணக்குப் போடும் என் வகுப்புத் தோழன் போகவில்லை. அவன் அப்பாவுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை. 2007-ல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை எடுத்ததற்கு இதுதான் காரணம், அது நல்ல காரணம். மார்க்கை வைத்து இடம் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. மார்க் வந்த அன்றைக்கே இடத்தைச் சொல்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம்தான் சண்டை.

யார் அவர்கள்? என்னைப் போன்ற சம்பளம் வாங்காத ஜோசியர்களை விடுங்கள். சம்பளம் வாங்குகிறவர்களைப் பாருங்கள்.

2025-ஐயே எடுத்துக் கொள்வோம். ரிசல்ட் வந்தது மே 8. ரேங்க் பட்டியல் வந்தது ஜூன் 27. நடுவில் சரியாக ஐம்பது நாள். பொறுத்திருந்தால் ஐம்பதாவது நாள் அரசாங்கமே ஓசியில், துல்லியமாக, பொது ரேங்க், இனவாரி ரேங்க் எல்லாம் சொல்லப் போகிறது. கல்லூரி வரிசை நிரப்புவது ரேங்க் வந்த பிறகுதான். அப்படியானால் இந்த ஐம்பது நாளில் ரேங்க் தெரிந்து என்ன ஆகப் போகிறது? நமக்கு ஒன்றும் ஆகாது. சீட் விற்கிறவனுக்கு ஆகும். அவன் வியாபாரமே இந்த ஐம்பது நாளில்தான். ஐம்பத்தோராவது நாள் உங்களுக்கு உண்மை தெரிந்து விடும். அதற்கு முன்னால் பயத்தை விற்றாக வேண்டும்.

"உங்கள் ரேங்க் என்ன, இலவசமாகத் தெரிந்து கொள்ளுங்கள்" என்று வருகிற பக்கங்களில் பலவற்றைக் கவனித்திருக்கிறீர்களா? மார்க்கைக் கேட்பதற்கு முன்னாலோ பின்னாலோ மொபைல் நம்பரைக் கேட்கும். கணக்குப் போட மொபைல் நம்பர் எதற்கு? அங்கே நீங்கள் ரேங்க் தெரிந்து கொள்ளவில்லை. உங்களைத்தான் தெரிந்து கொள்கிறார்கள். இந்த ஊர், இந்த மார்க், இந்த நம்பர். அரை மணி நேரத்தில் ஒரு பெண் இனிமையாகப் பேசுவார். "சார், இந்தக் கட்-ஆஃபுக்கு கவுன்சிலிங்ல நல்ல காலேஜ் கஷ்டம் சார். மேனேஜ்மென்ட்ல நாலே சீட் இருக்கு சார்."

என் அக்கா மகனும் என் கணக்கைச் சரிபார்க்க அப்படி ஒரு பக்கத்தில் நம்பரைக் கொடுத்திருக்கிறான். மே மாதம் முழுக்க போன் வந்தது. அத்தான் அசரவில்லை. காரணம் நான் சொன்ன நம்பர். சாமி படத்துப் பக்கத்தில் இருக்கிறதே!

ஜூன் 27-ஆம் தேதி அந்த நம்பர் பொய்யானது. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகி விட்டது. எனக்குப் போன் பண்ணவில்லை. "நீ சங்கடப்படுவேன்னு சொல்லல" என்றாள் அக்கா பிறகு. மறுநாள் அந்தக் கன்சல்டன்ட் போன் பண்ணியிருக்கிறான். மே மாதம் அசராத மனுஷன் இப்போது அசந்து விட்டார். அக்காவின் செயின் அடகுக்குப் போனது. எண்பதாயிரம் ரூபாய் ரொக்கம், சீட்டைப் பிடித்து வைக்க. ரசீது? "அட்மிஷன் அன்னைக்கு மொத்தமாத் தருவாங்களாம்."

ஜூலையில் கலந்தாய்வு. முதல் சுற்றிலேயே பையனுக்கு இடம் கிடைத்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், நல்ல பெயருள்ள ஒரு கல்லூரியில், அவன் கேட்ட இ.சி.இ. அரசு நிர்ணயித்த கட்டணம். மேனேஜ்மென்ட் சீட் வேண்டாம் என்று அத்தான் போய் நின்றபோது, எண்பதாயிரத்துக்கு யாரும் பொறுப்பில்லை. நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கிறது. சட்டத்திடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே. செயினை மீட்க ஏழு மாதம் ஆனது.

என்னை அறுத்தது பணம் அல்ல. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பையன் சொன்னான்: "மாமா, நீங்க சொன்ன நம்பர் வரலைன்னதும், நான் ஃபெயிலாயிட்ட மாதிரி இருந்துச்சு."

200-க்கு 183.5 எடுத்த பையன்! இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் பேர் கொண்ட பட்டியலில் முதல் சுற்றுக்குள் வந்த பையன்! நான் வாயை வைத்துக் கொண்டு சும்மா இருந்திருந்தால், அந்த ரேங்கைப் பார்த்து அந்த வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள். அவனைத் தோற்க வைத்தது கேள்வித்தாள் இல்லை, கூட்டம் இல்லை. புனேவில் ஏசி ரூமில் இருந்து ஒருத்தன் போட்ட எக்செல்.

"சும்மா ஒரு ஐடியாவுக்குத்தானே கேக்கோம், இதுல என்ன தப்பு?" என்பீர்கள். கேட்பது தப்பில்லை. பெற்ற வயிறு, கேட்கத்தான் செய்யும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள் என்கிறேன். "என்ன ரேங்க் வரும்?" என்பதற்கு யாரிடமும் பதில் கிடையாது. "இந்தக் கட்-ஆஃபுக்குப் போன மூணு வருஷமா எங்கெங்கே இடம் கிடைச்சது?" என்பதற்குப் பதில் இருக்கிறது. கல்லூரிவாரியாக, பாடவாரியாக, இனவாரியாகக் கடைசியாக இடம் கிடைத்தவரின் கட்-ஆஃப் என்ன என்று கலந்தாய்வு நடத்துகிறவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மொபைல் நம்பர் கேட்க மாட்டார்கள். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூன்றைப் பாருங்கள். மேலே கெமிஸ்ட்ரி ஆடிய ஆட்டத்தை ஞாபகம் வைத்துக் கொண்டு, மேலேயும் கீழேயும் ஐந்தாறு மார்க் விட்டுப் பாருங்கள். அப்போது கிடைப்பது ஒரு நம்பர் இல்லை, முப்பது நாற்பது கல்லூரிகளின் பட்டியல். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக் கொண்டு ஐம்பது நாளில் நாலு கல்லூரியை நேரில் போய்ப் பாருங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள். ரேங்க் வந்த பிறகு, நிஜமாகவே பிடித்த வரிசையில், முடிந்த வரை நீளமாக நிரப்புங்கள். எதிர்பார்த்ததை விட ரேங்க் பின்னால் போனாலும் நீளமான பட்டியல் தாங்கிக் கொள்ளும்.

ரேங்க் ஒன்றும் சீட்டு இல்லை என்பதும் ஞாபகம் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 69 சதவீத இடங்கள் இட ஒதுக்கீட்டில். உங்கள் பொது ரேங்கை விட இனவாரி ரேங்க்தான் பலருக்கு இடத்தைத் தீர்மானிக்கிறது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-லிருந்து 7.5 சதவீதம் தனி. முன்னால் நிற்பவன் எல்லாம் உங்கள் பாடத்தைக் கேட்பவனும் இல்லை. பாதிப் பேர் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாசலில் முட்டிக் கொண்டு நிற்பான். ஒற்றை ரேங்க் நம்பருக்குள் இதெல்லாம் தெரியுமா?

வெளியூர் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஐம்பது நாளில் நமக்கு நிஜமான வேலை ஒன்று இருக்கிறது, அது ரேங்க் இல்லை. பிள்ளை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டுக்கு வெளியே படித்திருந்தால் நேட்டிவிட்டி சர்டிஃபிகேட் வேண்டும். சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்க வேண்டும். இங்கே மகாராஷ்டிராவில் வாங்கியது அங்கே செல்லாது. போன வருடம் எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒரு வீட்டில் மகளின் ரேங்கை ஆறு விதமாகக் கணித்து வைத்திருந்தார்கள். நேட்டிவிட்டிக்கு விண்ணப்பிக்க ஞாபகமில்லை. கடைசி நேரத்தில் தாத்தா தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கினார், பாவம்.

பணம் கொடுப்பதென்றால், கல்லூரியின் பெயர் போட்ட ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ரசீது இருந்தால் விலகும்போது திருப்பிக் கேட்க வழியுண்டு. "நாளைக்கு வந்தா சீட் இருக்காது" என்று எவனாவது சொன்னால், அவனிடம் நாளைக்கும் இருக்கும், நாளன்றைக்கும் இருக்கும். இருப்பதால்தான் போன் பண்ணுகிறான்.

என் மகள் இப்போது பத்தாவது. இன்னும் இரண்டு வருடத்தில் என் வீட்டிலும் இந்த மே மாதம் வரும். "அப்ப நீங்க எக்செல்லைத் திறக்காம இருந்துடுவீங்களாக்கும்?" என்று தங்கமணி இப்போதே நக்கல். நியாயமான சந்தேகம்தான். கை அரிக்கும். ஆனால் அந்த நாற்பது கல்லூரிப் பட்டியலை மட்டும்தான் போடுவேன், அந்த ஒற்றை நம்பரைப் போட மாட்டேன் என்று அவளிடமே சத்தியம் பண்ணியிருக்கிறேன். மீறினால் ஒரு மாதம் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது ஒப்பந்தம்.

ஆகவே சொந்தங்களே, நண்பர்களே, பெரியப்பா பேரன்களே! மே மாதம் தாராளமாகப் போன் பண்ணுங்கள். பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். மார்க்கைச் சொல்லுங்கள், சேர்ந்து சந்தோஷப்படுகிறேன். எந்தக் கல்லூரியைப் போய்ப் பார்க்கலாம் என்று கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ரேங்க் மட்டும் கேட்காதீர்கள்.

கேட்டால் அந்த நாலு வார்த்தைதான்: எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. ஐம்பது நாள் பொறுங்கள்.

டிஸ்கி: அத்தான் இன்னும் என்னிடம் அதே பாசத்தோடுதான் பேசுகிறார். சின்னவன் 2027-ல் ப்ளஸ் டூ எழுதுவான். "அவனுக்காவது கரெக்டாச் சொல்லிரு மாப்ள" என்கிறார். என்னத்தைச் சொல்ல...